எங்க பின்சந்துத் தோட்டம்: கைப்புள்ளையும் மூணு வயசுக்காரியுமா ஒரு வருஷம் போய்வந்து எழுதுறேன்

நாங்க இருக்கிறது ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ரங்கூன் டவுன் கட்டடங்கள பாத்தவங்களுக்குத் தெரியும், படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தா போகும், ஒரு கையில சின்னவன தூக்கிக்கிட்டு இன்னொரு கையில பெரியவள பிடிச்சிக்கிட்டு கீழ வந்து சேர்றதுக்குள்ள முட்டி விட்டுப் போயிடும், அதுக்கு மேல பஸ் பிடிச்சு பூங்காவுக்குப் போகணும்னா யாருக்குத் தெம்பு இருக்கு. அதனால ரெண்டு வயசு வரைக்கும் என் பொண்ணு வெளியில ஓடி விளையாடினதுன்னா வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போறப்ப வாசல்ல புறாவத் துரத்தினது மட்டும்தான். மத்த நேரமெல்லாம் வீட்டுக்குள்ள, பால்கனி கம்பியப் பிடிச்சு கீழ பாத்துக்கிட்டு நிப்பா. அதப் பாக்கவே எனக்கு மனசு கேக்காது.

அது மாறினது போன வருஷம்தான். எங்க கட்டடத்துக்கும் அடுத்த தெருக் கட்டடத்துக்கும் முதுகுக்கு முதுகு நடுவுல இருக்கிற பின்சந்த சுத்தம் பண்ணி, ஒரு மணல் தொட்டி, ரெண்டு மூணு விளையாட்டு சாமான், செடி கொடி, உக்கார இடம்னு போட்டு சின்னப் புள்ளைங்களுக்குன்னே விட்டிருக்காங்க. பேருன்னு ஒண்ணும் வைக்கல, எல்லாருக்கும் அது பின்சந்துதான். தெரு நம்பர் போட வேண்டாம்னு அக்கம்பக்கத்துல கேட்டுக்கிட்டதால இங்க போடல, டவுன்ல இருக்கிறவங்க கேட்டா தனியா வழி சொல்றேன். நான் ஏழு வருஷமா ஒரு பாலர் பள்ளியில வேலை பாக்குறவ, ஒரு இடத்துக்குள்ள நுழைஞ்சா புள்ள எங்க ஏறும் எங்க விழும்னு கண்ணு தானா தேடும், அதனால நல்லதையும் சொல்றேன் குறையையும் சொல்றேன்.

இந்த பின்சந்துங்களப் பத்தி தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். 1852ல பர்மாவோட நடந்த சண்டைக்கப்புறம் வெள்ளக்காரன் இந்த ஊர கட்டம் கட்டமா வரைஞ்சு தெரு போட்டான், அந்தத் திட்டத்துல வேலை செஞ்ச பிரேசர் பேருதான் இப்போ அனோரத்தா ரோடா இருக்கிற தெருவுக்கு முன்னால இருந்துச்சு, எங்க தாத்தா கடைசி வரைக்கும் பிரேசர் ஸ்ட்ரீட், மொகல் ஸ்ட்ரீட்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு, மொகல் ஸ்ட்ரீட்டோட இப்போதைய பேரான ஷ்வே போந்தான்னு சொன்னா எங்க இருக்குன்னு கேப்பாரு. ரெண்டு வரிசை வீட்டுக்குப் பின்னாடியும் ஒடுக்கமா ஒரு சந்து விட்டிருப்பாங்க, சாக்கடைக்கும் அந்தக் காலத்துல கக்கூஸ் அள்றதுக்கும். அதுக்கப்புறம் அத யாரும் சொந்தம்னு நினைக்கல. மேல் மாடியிலேர்ந்து குப்பைய பையில கட்டி ஜன்னல் வழியா வீசுறதுதான் பழக்கம், நாங்களும் வீசினவங்கதான், அத மறைக்க விரும்பல. மழைக்காலத்துல குப்பையும் தண்ணியும் சேந்து ஊறி எலி பெருத்து, பின்பக்கத்து ஜன்னல வருஷக்கணக்கா திறந்ததே இல்ல.

டோ எயின்னு ஒரு அமைப்பு, பர்மியில 'எங்க வீடு'ன்னு அர்த்தம், டவுன்ல சில பின்சந்துகள எடுத்து குப்பைய அள்ளி சுவருக்கு வண்ணம் அடிச்சு தோட்டமும் விளையாட்டு இடமுமா மாத்திக் காட்டினாங்க. அதப் போய்ப் பாத்துட்டு வந்த பிறகுதான் எங்க கட்டடத்துல பேச்சு கிளம்புச்சு. கீழ் மாடில அச்சுக்கடை வச்சிருக்கிற பர்மாக்காரர், ரெண்டாவது மாடி சீனக்குடும்பம், எதிர் வரிசைல சூலியா முஸ்லிம், அதாவது தமிழ் முஸ்லிம் குடும்பம் ரெண்டு, நாங்க, எங்க சித்தப்பா வீடு, இப்படி ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டோம், காசு முடியாதவங்க கை வேலை செஞ்சாங்க. குப்பை அள்ளவே மூணு வாரம் ஆச்சு. கடைசில அடியில காங்கிரீட்டு தரை தெரிஞ்ச அன்னைக்கு மூணாவது மாடி பாட்டி நாப்பது வருஷத்துக்கப்புறம் இந்தத் தரையப் பாக்குறேன்னு சொல்லி அழுதுட்டாங்க.

சரி, இப்போ இடத்தப் பத்தி.

முதல்ல கதவு. சந்தோட ரெண்டு முனையிலயும் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கதவு, தாழ்ப்பா வெளிப்பக்கம், பெரியவங்க கைய மேல விட்டு எட்டித்தான் திறக்க முடியும். சாதாரண விஷயம்னு தோணும். ஆனா ரெண்டு வயசுப் புள்ளைய வச்சிருக்கிறவங்களக் கேளுங்க, வெளியில போனா நம்ம கவனம் முக்காவாசி எங்க போகுதுன்னு. புள்ள ரோட்டுக்கு ஓடிடுமோங்கிற பயத்துலயே போகும். இங்க அந்தப் பயம் இல்ல, அதனாலதான் நான் இன்னொரு தாயோட நாலு வார்த்தை பேச முடியுது, சின்னவனுக்குப் பால் குடுக்க முடியுது, சும்மா உக்காந்து மூச்சு விட முடியுது. கதவு கம்பி வழியா உள்ள முழுசாத் தெரியும், அதுவும் நல்லது. மறைவா இருந்தா வேற தொல்லை வந்திருக்கும்.

அடுத்தது உக்கார இடம். இதப் பத்திதான் எனக்கு நிறைய சொல்லணும், ஏன்னா நான் போய்ப் பாத்த பல விளையாட்டு இடத்துல புள்ளைக்கு எல்லாம் இருக்கும், கூட்டிட்டு வர்றவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. வெயில்ல கால் கடுக்க நின்னுக்கிட்டு பத்து நிமிஷத்துல வா போலாம் வா போலாம்னு இழுத்துட்டு வந்துடுவோம். மூணு வயசுப் புள்ள தானா நடந்து பூங்காவுக்கு வராது. முட்டி வலிக்கிற பாட்டியோ, புள்ளப் பெத்து நாப்பது நாள் ஆன தாயோ, நைட் டூட்டி முடிச்சு தூக்கம் கண்ண அழுத்துற அப்பாவோதான் கூட்டிட்டு வரணும். அவங்களுக்கு அங்க ஒரு மணி நேரம் இருக்க முடிஞ்சாத்தான் புள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம். எங்க சந்துல இத யோசிச்சு செஞ்சிருக்காங்க. சுவரோரமா நீளத்துக்கு சிமெண்டு திண்ணை, நம்ம ஊர் வீட்டுத் திண்ணை மாதிரியே அகலமா, சம்மணம் போட்டும் உக்காரலாம், காலத் தொங்கப் போட்டும் உக்காரலாம், கைப்புள்ளைய பக்கத்துல படுக்க வைக்கலாம். ரெண்டு எடத்துல கைப்பிடிக் கம்பி வச்சிருக்காங்க, பாட்டிங்க எழுந்திரிக்கப் பிடிச்சிக்கிறதுக்கு. ஒரு மூலையில மூங்கில் தட்டி கட்டி மேல கோவைக்கொடி ஏத்தி விட்டிருக்கு, அதுக்குப் பின்னாடி உக்காந்து பால் குடுத்தாலும் தட்டி இடுக்கு வழியா பெரியவ என்ன பண்றான்னு பாத்துக்கலாம். இந்த மூலைய யோசிச்சது எதிர் வரிசை சூலியா வீட்டு மருமகள்தான்.

மேலேர்ந்தும் கண்ணு இருக்கு. எங்க அத்தையால ஆறு மாடி இறங்க முடியாது, பின் ஜன்னல இப்போ திறந்து வச்சு அங்கேர்ந்தே பாத்துக்கிட்டிருப்பாங்க. டவுன்ல வீட்டுக்கு வீடு முன் பால்கனியில கயிறு தொங்கும், நுனியில ஒரு கிளிப்பு, பேப்பர்காரன் பேப்பரயும் சாமான்காரன் பையையும் அதுல மாட்டி விடுவான், மேலேர்ந்து இழுத்துக்குவாங்க. அத்தை இப்போ அதே மாதிரி பின்பக்கமும் ஒரு கயிறு கட்டியிருக்காங்க. தண்ணி பாட்டில், துண்டு, மாத்து ஜட்டி, சில நாள் ரெண்டு இட்லி, எல்லாம் கயித்துல இறங்கி வரும். பை ஆடிக்கிட்டு வர்றதப் பாத்து கீழ இருக்கிற புள்ளைங்க எல்லாம் கைய மேல தூக்கிக்கிட்டு நிக்கும், மொழி வித்தியாசமே கிடையாது, பர்மாப் புள்ள சீனப் புள்ள நம்ம புள்ள எல்லாம் பாட்டி பாட்டின்னே கத்தும். வீட்ட விட்டு நூறு மீட்டர் தள்ளி இருந்தா இது நடக்குமா? இந்த இடத்தோட முதல் சிறப்பு அது வீட்டு முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கிறதுதான்.

மணல் தொட்டிதான் நடு நாயகம். நீளம் 8 அடி, அகலம் 5 அடி இருக்கும். சுத்தி சிமெண்டு விளிம்பு நல்லா அகலமா விட்டிருக்காங்க, அதுல பெரியவங்க உக்காருவாங்க, புள்ளைங்க அதையே கடை பலகையா வச்சு மணல் இட்லி அடுக்கும். ஹாலந்துல ஆல்டோ வான் எய்க்னு ஒரு கட்டடக்கலைஞர் 1947லேர்ந்து ஆம்ஸ்டர்டாம்ல வீடுகளுக்கு நடுவுல கிடந்த காலி இடங்கள, ரெண்டாம் உலகச் சண்டைக்கப்புறம் வீடு இடிஞ்ச பொட்டல்கள எல்லாம் எடுத்து புள்ளைங்க விளையாடுற இடமா பண்ணினாரு, 1978 வரைக்கும் 700க்கு மேல செஞ்சிருக்காரு. பெரிய சாமான் ஒண்ணும் வைக்கல, அகல விளிம்பு வச்ச மணல் குழி, தொங்குறதுக்கு வளைஞ்ச கம்பி, தாண்டுறதுக்குக் கல்லு. இது இப்படித்தான் விளையாடணும்னு சொல்ற சாமான் இருந்தா புள்ள அஞ்சு நிமிஷத்துல சலிச்சுடும், ஒண்ணுமே சொல்லாத சாமானா இருந்தா அதுவே கப்பலாகும் கடையாகும் கல்யாண வீடாகும். எங்க பள்ளியில தினம் பாக்குறது இதுதான். சந்துலயும் அதே நடக்குது, சறுக்குமரத்துல ரெண்டு தடவ சறுக்கிட்டு எல்லாம் மணலுக்குத்தான் வந்து சேருது. என் பொண்ணு ஒரு நாள் முழு ஒரு மணி நேரம் தனக்கா (பர்மாவுல கன்னத்துல பூசுற மரப்பட்டைச் சாந்து) அரைக்கிற கல்லுன்னு ஒரு ஓட்டுச் சில்ல வச்சு மணல அரைச்சு எல்லார் கன்னத்துலயும் தடவிட்டிருந்தா.

ராத்திரி பூனை வந்து அசிங்கம் பண்ணாம இருக்க தார்ப்பாய் போட்டு மூடுறாங்க, காலைல அச்சுக்கடைக்காரர் எடுத்து விடுவாரு. மழைக்காலத்துல மணல் ஈரமா கிடந்து நாத்தம் வருது, அத வெயில் நாள் பாத்து கிளறி விடணும், மூணு மாசத்துக்கொரு தடவ மாத்தணும்னு பேச்சு, இதுவரைக்கும் ஒரு தடவதான் மாத்தியிருக்கு.

உயரத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். வான் லீர்னு ஒரு அறக்கட்டளை அர்பன்95னு ஒரு திட்டம் நடத்துறாங்க, 95 சென்டிமீட்டர்ங்கிறது ஆரோக்கியமான மூணு வயசுப் புள்ளையோட உயரம், நீங்க அந்த உயரத்துலேர்ந்து ஊரப் பாத்தா எத மாத்துவீங்கன்னு கேக்குறாங்க. அதப் படிச்சிட்டு நான் ஒரு நாள் காலைல ஆள் இல்லாத நேரமா சந்துல முட்டி போட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் பாத்தேன். நின்னுக்கிட்டு பாத்தப்ப எனக்கு அழகாத் தெரிஞ்ச சுவர் ஓவியத்துல பாதி அந்த உயரத்துக்கு மேல போயிடுச்சு, மூணு வயசுக்குத் தெரியுறது யானையோட கால் மட்டும்தான். ஆனா அச்சுக்கடைக்காரர் பையன் கீழ்வரிசைல உடைஞ்ச பீங்கான் சில்ல முனை மழுக்கி பதிச்சு விட்டிருக்கான், நடுவுல வட்டமா ஒரு சின்ன எஃகுத் தட்டு, முகம் பாத்துக்கலாம், அது சரியா புள்ள முகத்துக்கு நேரா இருக்கு. சின்னவன் தவழ்ந்து போய் அதுக்கு முத்தம் குடுத்துட்டு வர்றான். அத விட்டு நகரவே மாட்டேங்கிறான்.

அதே உயரத்துல இன்னொண்ணும் தெரிஞ்சுது, ஜெனரேட்டர். கரண்ட் போற நேரத்துக்குன்னு ஒரு கடைக்காரர் சந்து முனைல ஒண்ணு வச்சிருந்தாரு, அதோட புகைக்குழாய் தரையிலேர்ந்து ஒண்ணரை அடி உயரத்துல, நமக்கு முட்டிக்குக் கீழ, ஸ்ட்ரோலர்ல இருக்கிற கைப்புள்ளைக்கு நேரா மூக்குல. இத சொல்லி கூட்டத்துல பேசுனப்ப, சந்து என்ன புள்ளைங்களுக்கு மட்டுமா, பொழப்பு நடக்க வேண்டாமான்னு அவர் கேட்டாரு, அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. ஆனா விளையாட்டும் ஓய்வும் குழந்தையோட உரிமைன்னு 1989ல வந்த ஐநா குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 31வது பிரிவு சொல்லுது, பர்மா 1991லயே அதுல சேந்தாச்சு, ஊர் ஊரா எழுதி வச்சத ஒரு சந்துலயாவது நடத்திக் காட்டலாமேன்னு நான் சொன்னேன். கடைசில சீனக்குடும்பத்துப் பெரியவர் ஒரு வழி சொன்னாரு, மெஷின தெருப்பக்கம் தள்ளி வச்சு குழாய மேல தூக்கி விட்டாச்சு. சத்தம் இன்னும் இருக்கு, புகை இல்ல.

இப்போ குறை. மழை ஆரம்பிச்சா இந்த இடம் வேற மாதிரி ஆயிடுது, அத சொல்லாம விட்டா நான் எழுதுறதுக்கு அர்த்தமே இல்ல. தரைக்கு அடிச்ச வண்ணம் வழவழப்பான எனாமல், வெயில்ல அழகு, ஈரத்துல எண்ணெய் கொட்டின மாதிரி. போன ஜூன்ல என் பொண்ணு பாண்டி ஆடுறதுக்கு வரைஞ்ச கட்டத்துல வழுக்கி விழுந்து தாடை கிழிஞ்சு மூணு தையல். ரத்தத்தப் பாத்த அன்னைக்கு இனிமே இங்க வரவே மாட்டேன்னு நினைச்சேன். அப்புறம் நாலு வீடு சேந்து அந்த வண்ணத்த தேச்சு எடுத்துட்டு சொரசொரப்பா சிமெண்டு பூசி விட்டோம், ஒரு பக்கம்தான் முடிஞ்சுது, சாக்கடைப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கு, மழை நாள்ல வர்றவங்க தயவு செஞ்சு இடது சுவரோரமாவே நடங்க. மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் மழை பெய்ற ஊர்ல, வருஷத்துல பாதி நாளுக்கு மேல கூரை தேவைப்படுற இடத்துல, கூரைன்னு இருக்கிறது திண்ணைக்கு மேல ஒரு நீளத் தகரம் மட்டும்தான். இன்னும் ரெண்டு தகரம் மணல் தொட்டிக்கு மேல போட்டா வருஷம் முழுக்க ஓடும். ஒண்ணுலேர்ந்து நாலு வயசுப் புள்ளைங்க ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது உடம்ப அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு. ஆறாவது மாடில ரெண்டு ரூம்ல 180 நிமிஷம் எங்க போறது, மழை மூணு நாள் விடாம பெஞ்சா எங்க வீட்ல போன்தான் ஓடுது, எனக்கு அது பிடிக்கல, ஆனா அதுதான் உண்மை.

டயர். பழைய டயருக்கு வண்ணம் அடிச்சு பாதி புதைச்சு தாண்டி விளையாட வச்சாங்க, ரெண்டுல செடியும் வச்சாங்க, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா டயரோட உள்வளைவுல மழைத்தண்ணி நிக்கும், வெளிய கவுத்தாலும் போகாது, டெங்கு கொசு சாக்கடையத் தேடாது, அதுக்கு அந்த மாதிரி தெளிஞ்ச தண்ணிதான் வேணும், அதுவும் பகல்ல கடிக்கிற கொசு, சரியா புள்ளைங்க விளையாடுற நேரம். எதிர் வரிசைல ஒரு புள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில படுத்த பிறகுதான் எல்லாருக்கும் உறைச்சுது. அது இங்கேர்ந்துதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனாலும் மறுநாளே டிரில் மெஷின் கொண்டு வந்து ஒவ்வொரு டயர்லயும் கீழ நாலு ஓட்டை போட்டோம். வேற எங்கயாவது டயர் வைக்கிறவங்க முதல் நாளே ஓட்டை போட்டுடுங்க.

ஏறுற ஏணியப் பத்தியும் ஒரு வார்த்தை. வெல்டிங் பட்டறையில சொல்லி செஞ்சது, சறுக்குமரத்து மேல்தட்டு நாலு அடிக்குக் கொஞ்சம் கம்மி, அது பரவாயில்ல. ஆனா பக்கவாட்டுக் கம்பிக்கு நடுவுல இடைவெளி என் விரிச்ச கை அளவு இருந்துச்சு. விளையாட்டு சாமான்ல 89 மில்லிமீட்டர்லேர்ந்து 230 மில்லிமீட்டர் வரைக்கும் எந்த இடைவெளியும் ஆபத்துன்னு அமெரிக்காவுல ஒரு விதி இருக்கு, ஏன்னா அதுல புள்ளையோட உடம்பு நுழைஞ்சிடும், தலை மாட்டிக்கிட்டு நிக்கும். நான் பள்ளியிலேர்ந்து டேப் கொண்டு போய் அளந்து காட்டினேன், ஒரு வாரத்துல நடுவுல இன்னொரு கம்பி வச்சு பத்த வச்சுட்டாங்க. விழுற இடத்துல மணலும் 9 அங்குலம் இருக்கணும், அவ்வளவு இருந்தா 4 அடியிலேர்ந்து விழுந்தாலும் தாங்கும், புள்ளைங்க குதிச்சுக் குதிச்சு அந்த இடத்துல மட்டும் குழியாகிடுது, ஒரு குச்சிய குத்திப் பாத்து வாரம் ஒரு தடவ மணலத் தள்ளி விடுங்க. தகரச் சறுக்குமரம் மார்ச் ஏப்ரல்ல பதினோரு மணிக்கு மேல தோசைக்கல்லு மாதிரி சுடும், தொட்டுப் பாக்காம புள்ளைய ஏத்தாதீங்க.

குழாய் இல்ல, கக்கூஸ் இல்ல. மணல்ல விளையாடின கையோட வாயில போடும், கை கழுவ எங்க அத்தை கயித்துல தண்ணி விடுறதத்தான் நம்பியிருக்கோம். ஒரு டிரம்முக்கு கீழ குழாய் வச்சு புள்ளைங்க எட்டுற உயரத்துல மாட்டினாப் போதும், பெரிய செலவில்ல, யாரோ தண்ணி நிரப்பணுமேங்கிறதுலயே நிக்குது. அவசரத்துக்கு அச்சுக்கடைக்காரர் தன் கடைக் கக்கூஸ திறந்து விடுறாரு, புண்ணியவான், ஆனா ஞாயித்துக்கிழமை கடை கிடையாது.

பெரிய பசங்க விஷயமும் சொல்லிடுறேன். பத்து பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு சின்லோன், அதாவது காலால பிரம்புப் பந்து தட்டுற ஆட்டம், ஆட இந்த டவுன்ல எங்கயும் இடமில்ல, பந்த எடுத்துக்கிட்டு இங்கதான் வருவாங்க, பந்து சின்னவன் தலைல பட்டுது, தாய்மாருக்கும் பசங்களுக்கும் சண்டை வந்துச்சு. விரட்டணும்னு சிலர் சொன்னாங்க, எனக்கு அதுல சம்மதமில்ல, அவங்களும் புள்ளைங்கதானே. இப்போ ஆறு மணி வரைக்கும் சின்னதுங்க, ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும் அவங்க, ஏழரைக்கு கதவு பூட்டு. அதுல ரெண்டு பசங்க சீக்கிரமே வந்து சின்னதுங்கள சறுக்குமரத்துல பிடிச்சு விடுறாங்க, எங்க பொண்ணுக்கு அதுல ஒருத்தன் கோ கோன்னு உயிரு, கோன்னா பர்மியில அண்ணன்.

வேற இடத்தோட ஒப்பிட்டுக் கேப்பீங்க. சூலே பகோடா பக்கத்துல மஹா பந்துலா பூங்கா இருக்கு, வெள்ளக்காரன் காலத்துல ஃபிட்ச் ஸ்கொயர், நடுவுல சுதந்திர ஸ்தூபி, புல்தரை, ஓட இடம், ஞாயித்துக்கிழமை காலைல குடும்பத்தோட போக அருமையான இடம், நாங்களும் போவோம். ஆனா அங்க போக நாலு ரோடு தாண்டணும், அது வாரத்துக்கொரு நாள் சமாச்சாரம். இன்னொண்ணு, ஒரு மால்ல ஏசி போட்டு பந்துக்குளம் எல்லாம் வச்சு குழந்தைங்க விளையாடுற இடம், ஒரு மணி நேரத்துக்கு அவங்க கேக்குற காசுல எங்க வீட்டுக்கு ரெண்டு நாள் காய்கறி வந்துடும், போனப்ப கூட வர்ற ஒரு ஆளுக்கு மேல உள்ள விட மாட்டோம்னுட்டாங்க, அம்மாவையும் அத்தையையும் வெளிய நிக்க வச்சிட்டு நான் மட்டும் உள்ள போனேன், உள்ள உக்கார ஒரு ஸ்டூல் கூட இல்ல, புள்ளை அழுதுச்சு, அரை மணியில கிளம்பிட்டோம். இப்போ இருக்கிற நிலைமையில இருட்டுறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்துடணும்னுதான் எல்லாருக்கும் இருக்கு, தூரம் போக யாருக்கும் மனசு வரல. சந்துன்னா அத்தை மேலேர்ந்து குரல் குடுத்தா கேக்குற தூரம்.

மதிப்பெண் போடச் சொன்னா வெயில் காலத்துக்கு அஞ்சுக்கு நாலரை, மழைக்காலத்துக்கு ரெண்டரைதான் குடுப்பேன். தகரமும் தண்ணி டிரம்மும் வந்துட்டா திரும்பி வந்து மாத்தி எழுதுறேன்.

வர்றவங்க நாலு நாலரை மணிக்கு வாங்க, அப்பத்தான் கட்டட நிழல் சந்து முழுக்க விழுந்திருக்கும். அச்சுக்கடை வாசல்ல சொல்லிட்டு உள்ள வாங்க, வெளி ஆளுன்னு யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா யார் வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்க விரும்புவாங்க, அது எங்க புள்ளைங்களுக்கும் உங்க புள்ளைங்களுக்கும் நல்லதுதான். ரெண்டு பாட்டில் தண்ணியும் மாத்துத் துணியும் எடுத்துக்கங்க. வீட்ல கைப்பிடி போன பழைய கரண்டியோ டின்னோ இருந்தா அதையும் கொண்டு வாங்க, மணல் தோண்ட மூணு கரண்டிதான் இருக்கு, தினம் அதுக்குத்தான் அடிதடி.